சும்மா இருந்த பெட்டிக்கு ஏன் வேர்த்தது?

யாழினி, தருண்,

இந்தக் கதையை உங்கள் மாமா வாயால் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்லும்போது நான் கணினிக் கடையில் தேம்பித் தேம்பி அழுததாகவும், கணினியைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டதாகவும் வருகிறது. இரண்டும் பொய். (வேர்த்தது. கண்ணிலும் கொஞ்சம் வேர்த்தது. அவ்வளவுதான்.) அவர் ஒவ்வொரு விருந்திலும் ஒரு புதுக் காட்சி சேர்க்கிறார். இப்படியே விட்டால் என் பேரப்பிள்ளைகள் காலத்தில் போலீஸ் வந்ததாகவும் ஆகிவிடும். அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாழினி, எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. விஷயத்தைத் திருத்தாதே.

முதலில் ஒப்புக்கொள்கிறேன்: நான் ஒரு சந்தேகப் பேர்வழி. ஆனால் அதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். தொழிற்சாலை வாசலைக் காக்கிற ஜாகா வேலை. உள்ளே போகிற லாரியையும் வெளியே வருகிற பையையும் சோதிக்கிறவன், "ஐயோ பாவம், நல்ல மனுசன்" என்று எல்லோரையும் நம்பினால் ஒரே மாதத்தில் தொழிற்சாலையின் கூரை வெளியே போய்விடும்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் ஆளைப் பிடித்தேன். மழை பெய்து ஓய்ந்த குளிர்ந்த சாயங்காலம். எல்லோரும் பேருந்துக்குக் காத்து நின்றார்கள். அவனும் சும்மாதான் நின்றான். ஆனால் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. சட்டையைத் தூக்கச் சொன்னேன். இடுப்பைச் சுற்றிச் செம்புக் கம்பி, ஒட்டியாணம் மாதிரி! நிர்வாகம் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. நம் வீட்டு வரவேற்பறையில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இன்றும் தொங்குகிறதே, அதுதான். அன்றிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு ஜாகாவுக்கும் நான் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்றுதான்: சும்மா இருக்கிறவனுக்கு வேர்த்தால் விடாதே.

இந்தப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் நான் செய்த தப்பு.

கணினி வாங்கியது உங்கள் படிப்புக்கு. பழையதுதான், ஆனால் கறுப்பாக, கனமாக, மரியாதையாக இருந்தது. ஆயுத பூஜைக்கு அதற்கும் விபூதி பூசி, சந்தனம் வைத்து, ஒரு முழம் மல்லிகை சாத்தினேன். (கார், மோட்டார் சைக்கிள், அம்மாவின் மாவரைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் செய்துவிட்டு அதை மட்டும் ஒதுக்குவது எப்படி?) வேலை முடிந்தால் திரையின் பொத்தானை மட்டும் அணைக்க வேண்டும், பெட்டியை அணைக்கக் கூடாது என்பது என் கட்டளை. காரணம், காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நான் திரையைப் போட்டதும் முருகன் உடனே தெரிய வேண்டும். என்னோடு வேலை செய்யும் செல்வாதான் அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்தான். சாதாரணப் படமா அது? மயில் தோகை விரித்து ஆடும். முருகன் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுற்றும். மேலிருந்து பூ விழுந்துகொண்டே இருக்கும்.

"அண்ணே, இது நிக்கவே நிக்காது. பெட்டி தூங்காத மாதிரியும் வச்சிட்டேன்" என்றான் செல்வா.

"அதான்டா வேணும்" என்றேன் நான்.

தருண், நீ அப்போது படிவம் இரண்டு, பதினான்கு வயது. மதியம் இரண்டு மணிக்குப் பள்ளி விட்டு வருவாய். யாழினிக்கு டியூஷன். அம்மா பாலர் பள்ளி வேலை முடிந்து வர ஐந்தாகும். நான் வர நான்கு. ஆக, இரண்டிலிருந்து நான்கு வரை வீட்டில் நீயும் கணினியும் மட்டும். பாடம் மட்டும்தான், விளையாட்டு கூடாது என்று சொல்லியிருந்தேன்.

என் அப்பா காஹாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றும் முன்பே தொலைக்காட்சியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். அது சூடாக இருந்தால் எங்கள் முதுகும் சூடாகும். (நாங்கள் ஈரத்துணி போட்டு ஆற்றிவைப்போம். அது வேறு கதை.) இந்தக் காலத்துத் தொலைக்காட்சி சூடாவதே இல்லை. அதனால் எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்காமல் போயிற்று. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் தரையில் விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தபோது என் கை கணினிப் பெட்டியில் பட்டது.

கொதித்தது.

திரை இருட்டு. நீ நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாய். சும்மா இருக்கிற பெட்டிக்கு வேர்க்கிறது! என் தலைக்குள் மணி அடித்தது.

"என்னடா வெளாண்ட?"

"ஒன்னும் வெளாடலப்பா. இப்பதான் ஸ்கூல்ல பந்துப் பயிற்சி முடிஞ்சு வர்றேன்."

செம்புக் கம்பிக்காரனும் முதலில் "ஒன்னும் இல்லண்ணே" என்றுதான் சொன்னான்.

மறுநாள் விசாரணை தொடங்கிற்று. நோய்த்தொற்றுக் காலத்தில் தொழிற்சாலை வாசலில் எல்லோர் நெற்றியிலும் சுட்டுக்கொண்டிருந்தோமே, அந்தக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியில் ஒன்று என்னிடம் இருந்தது. கணினியின் பின்பக்கத்தில் வைத்துச் சுட்டேன். சிவப்பு விளக்கு எரிந்து கீ கீ என்று கத்தியது. மனிதனாக இருந்தால் பதினான்கு நாள் தனியாகப் படுக்க வைத்திருப்பார்கள்.

அன்று இரவு, யாழினி, உன்னைக் கேட்டேன். நீ ஏதோ ஒரு சின்ன மென்பொருளை இறக்கினாய். திரையின் மூலையில் எண் ஒன்று ஓடியது. எழுபத்து நான்கு.

"அப்பா, இது உள்ளயே இருக்கிற கிராஃபிக்ஸ் சிப்போட சூடு. யாரும் தொடாம சும்மா இருந்தா நாப்பது, நாப்பத்தஞ்சுதான் இருக்கணும். எழுவத்தி நாலு ரொம்ப அதிகம். பின்னால ஏதாச்சும் ஓடிக்கிட்டு இருக்கும்."

"பின்னால யாரு ஓட்டுறா?"

"அலமாக்! யாருன்னு சொல்லலப்பா, ஏதாச்சும்னு சொன்னேன்."

எனக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. ஜாகாவுக்கு எல்லாமே 'யாரோ'தான்.

அதற்குப் பிறகு ஒரு பயங்கரமான உண்மையைக் கண்டுபிடித்தேன். தருண் கணக்குப் பாடத்தைத் திரை முழுக்கத் திறந்து வைத்துப் படிக்கும்போது நான் பின்னால் நின்று எண்ணைப் பார்த்தேன். எழுபத்து நான்கு அறுபதாகி, ஐம்பதுக்கு வந்தது. பாடத்தை மூடிவிட்டு எழுந்தான். எண் மறுபடி ஏறிற்று. படிக்கும்போது குறைகிறது, எழுந்து போனால் ஏறுகிறது! கொஞ்சம் மூளை உள்ளவன் அங்கேயே நின்று யோசித்திருப்பான். நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? நான் பக்கத்தில் இருந்தால் இவன் நல்ல பிள்ளையாக நடிக்கிறான், கணினியும் இவனோடு கூட்டுச் சேர்ந்து நடிக்கிறது!

புதன்கிழமை காலை கணினிச் சுட்டியின் மேல் முகப்பவுடர் தூவி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் விரல் தடமே இல்லை. வேறு யாராவது நிம்மதியடைந்திருப்பார்கள். நான், இவன் கையில் காலுறையை மாட்டிக்கொண்டு விளையாடுகிறான் என்று முடிவு செய்தேன். தருண், அன்றைக்கு உன் காலுறை ஜோடிகளையெல்லாம் முகர்ந்து பார்த்தேன். இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். போன மாதம் வந்துபோன உங்கள் மாமாவைச் சந்தேகப்பட்டேன். அம்மாவைக்கூடச் சந்தேகப்பட்டேன். (அவளிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அந்த நேரத்தில் நான் வெளியே போயிருப்பேன்.)

இதே வாரத்தில்தான் அந்தக் கடிதமும் வந்தது. தருண் பள்ளியின் சேப்பாக் தக்ரோ குழுவில் இருந்தான். பந்தைக் காலால் உதைத்து வலைக்கு மேல் அனுப்பும் அந்த ஆட்டத்துக்காக இரண்டு வருடமாக நம் வீட்டுச் சுவரில் பந்தை உதைத்துச் சுண்ணாம்பையே உதிர்த்திருந்தான். சனிக்கிழமை சிகாமட்டில் போட்டி. பெற்றோர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கேத்தரின் டீச்சரிடம் கொடுக்க வேண்டும். தந்தால் பேருந்தில் இடம். தராவிட்டால் மாற்று ஆட்டக்காரன் போவான்.

"உண்மையச் சொல்லு. அப்பறம் கையெழுத்து."

"உண்மையத்தாம்பா சொல்றேன். வெளாடல."

புதன்கிழமை இரவு முழுதும் இதே பேச்சு. அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவாளோ என்று பயந்து மறுநாள் கடிதத்தைத் தொழிற்சாலைக் காவல் கூண்டில் என் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். (வீட்டில் ஒருவரையும் நம்பவில்லை, பார்த்தீர்களா?)

வியாழக்கிழமை, நான் காலணியைக் கழற்றும்போதே தருண் எதிரில் வந்து நின்றான்.

"ஆமாப்பா. வெளாண்டேன்."

எனக்குப் புல்லரித்தது. "எத்தன மணி நேரம்?"

"எத்தன மணி நேரம் வேணும்பா?"

இந்தப் பதிலிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் இரண்டு மணி நேரம் என்றேன். அவன் சரி என்றான். தினமுமா என்றேன். அதற்கும் சரி என்றான். ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். 'நான் தினமும் இரண்டு மணி நேரம் அப்பாவுக்குத் தெரியாமல் கணினியில் விளையாடினேன். இனிமேல் விளையாட மாட்டேன்.' அதை ஐஸ் பெட்டிக் கதவில் டுரியான் பழ வடிவக் காந்தத்தை வைத்து ஒட்டினேன். மாமாவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். அந்தப் போன்தான் இன்றுவரை என் கழுத்தைப் பிடிக்கிறது.

"இப்பக் கையெழுத்துப் போடுவீங்களாப்பா?"

"உண்மையச் சொன்னதுக்குச் சந்தோசம். தப்பு செஞ்சதுக்குத் தண்டனை வேணாமா? சிகாமட் கெடையாது."

அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இது நியாயமே இல்லங்க" என்றாள். தருண் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சுவரில் உதைக்கும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை என் வேலையைச் செல்வாவிடம் பாதியில் ஒப்படைத்துவிட்டு மூன்று மணிக்கே வந்தேன். கணினியையும் தருணையும் காரில் ஏற்றினேன். ஸ்கூடாய்க் கடைவரிசையில் பிரேமா என்ற பெண் கணினி பழுது பார்க்கிறாள். பெரிய படிப்புப் படித்தவள். அவளை வைத்து ஒளித்த விளையாட்டையெல்லாம் தோண்டி எடுத்து, இனி எதுவும் புகாதபடி பூட்டுப் போட்டுவிட வேண்டும் என்பது என் திட்டம். கடையில் அச்சு இயந்திரத்தோடு ஒரு மலாய்ப் பெரியவரும், கைப்பேசிக் கண்ணாடி மாற்ற வந்த ஓர் அம்மாவும் இருந்தார்கள். சாட்சிக்கு ஆள் இருப்பதில் எனக்குச் சந்தோஷம். குரலை உயர்த்தியே விஷயத்தைச் சொன்னேன்.

பிரேமா திரையைப் பொருத்தினாள். முருகன் வந்தார். மயில் ஆடியது. பூ விழுந்தது. கண்ணாடி மாற்ற வந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பத்து நிமிடம் துழாவிவிட்டு பிரேமா சொன்னாள்: "அங்கிள், கேம் ஒன்னுமே இல்லியே."

"அழிச்சிருப்பான்மா."

"அழிச்சாலும் தடம் இருக்கும். இதுல தடமே இல்ல."

"கையில காலுறை போட்டுக்கிட்டு..." என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டேன்.

அவள் மூலையில் ஓடும் எண்ணைப் பார்த்தாள். எழுபத்து நான்கு. ஒரு வெற்றுப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்தாள். முருகன் மறைந்தார். எண் சரசரவென்று இறங்கியது. பக்கத்தை மூடினாள். முருகன் வந்தார். எண் ஏறியது. மறுபடி திறந்தாள், மூடினாள். மலாய்ப் பெரியவர் அச்சு இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"அங்கிள், இந்த முருகனப் போட்டது யாரு?"

 தருண் கூரையைப் பார்த்தான்.

"நல்ல படம்தானம்மா..."

"நல்ல படந்தான். ஆனா இதுல படம் வரையறதுக்குன்னு தனியா கார்டு கெடையாது அங்கிள். கணக்குப் போடுற சிப்புக்குள்ளயே அதையும் சேத்து வச்சிருக்கான். ஒரே ஆளு சமையலையும் பாத்துக்கிட்டு வாசல்ல கோலமும் போடுற மாதிரி. நீங்க திரைய மட்டும்தான் அணைக்கிறீங்க. உள்ள அவரு ராப்பகலா ஒவ்வொரு தோகையையும் ஒவ்வொரு பூவையும் வரைஞ்சுக்கிட்டே இருக்காரு. வேற ஏதாச்சும் திரைய மறைச்சாத்தான் அவருக்கு ஓய்வு. தம்பி படிச்ச நேரம்தான் இந்தப் பெட்டி மூச்சே விட்டிருக்கு."

பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். சூட்டை வெளியேற்றும் சின்ன விசிறியைப் பார்த்து நின்றுவிட்டாள். பிறகு காற்று அடிக்கும் குழாயை எடுத்து ஊதினாள். கடை முழுதும் விபூதிப் புகை! புகை அடங்கியதும் விசிறி இறக்கையிலிருந்து இடுக்கியால் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். காய்ந்த மல்லிகைப் பூ.

"காத்துப் போற ஓட்டையில சந்தனம் வேற அடைச்சிருக்கு" என்றாள். "இது யாரு?"

மலாய்ப் பெரியவர் இதற்குள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். என் தோளில் தட்டி, "சாலா பாப்பா லா" என்றார், பரிதாபமாக. தப்பெல்லாம் அப்பன் மேலேதான் என்று தீர்ப்பு.

பிரேமா அசையாத முருகன் படம் ஒன்றைப் போட்டாள். எண் நாற்பத்து மூன்றில் வந்து நின்றது. அப்போதும் நான் விடவில்லையே! சான்றிதழ் வாங்கிய ஜாகா அல்லவா? "ஆனா இவனே ஒத்துக்கிட்டானேம்மா! எழுதியே கொடுத்திருக்கான்!"

அவள் தருணைப் பார்த்தாள். "செய்யாதத ஏன்டா ஒத்துக்கிட்ட?"

"ஒத்துக்கிட்டா கையெழுத்துப் போடுறேன்னு சொன்னாரு" என்றான் தருண். "ஒத்துக்கிட்டேன். போடல."

கண்ணாடி மாற்ற வந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாழ்க்கையில் ஆயிரம் பேர் பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். திறந்து காட்டுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பது. கடிதம் தொழிற்சாலை இழுப்பறையில். கணினியைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினோம். தொழிற்சாலைக்குப் பத்து நிமிடப் பாதை. வெள்ளிக்கிழமை ஸ்கூடாய் நெரிசலில் அரை மணி நேரம். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்து லாரிக்காரனைத் திட்டித்தான் வார்த்தை வந்தது.

கூண்டுக்குள் போய்க் கடிதத்தை எடுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டு, என் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் செல்வா கை நீட்டி மறிக்கிறான்.

"அண்ணே, பைய தெறங்க."

"டேய், நேரமில்லடா!"

"எனக்குத் தெரியும்ணே. ஆனா வெளிய போற எல்லாரையும் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? வேல இல்லாத நேரத்துல வந்திருக்கீங்க, இழுப்பறையத் தெறந்தீங்க, நெத்தியில வேர்வ இப்படி ஊத்துது..." அவன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "சும்மா இருக்கிறவனுக்கு வேர்த்தா விடாதன்னு சொல்லிக் கொடுத்தது யாருண்ணே?"

அந்த நேரத்தில் நான் அவனுக்கு முருகன் படத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையைத் திறந்தேன். சாப்பாட்டு டப்பா, குடை, கடிதம். டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டான். காருக்குள் தருண் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

பள்ளித் திடலுக்குப் போனபோது ஐந்து அடிக்க மூன்று நிமிடம். கேத்தரின் டீச்சர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கசங்கிய கடிதத்தை நீட்டினேன்.

"மன்னிச்சிருங்க டீச்சர். இடம் வேற பையனுக்குப் போயிருச்சா?"

"பேரை மாத்தலாம்னுதான் இருந்தேன். தருண்தான் இன்னிக்குக் காலையில வந்து கேட்டுக்கிட்டான். 'அஞ்சு மணி வரைக்கும் இருங்க டீச்சர். எங்கப்பா கொஞ்சம் சந்தேகம் புடிச்சவரு. ஆனா கடைசியில போட்டுருவாரு'ன்னு சொன்னான்."

வெள்ளிக்கிழமை காலையில், தருண்! கணினி கடைக்குப் போகும் முன்பே! உன்னை ஒரு வாரம் நான் நம்பவில்லை. நீ என்னை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாய்.

சிகாமட்டில் நீங்கள் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது எல்லோருக்கும் தெரியும். அதற்கு நான் பொறுப்பில்லை. மற்றதற்கெல்லாம் பொறுப்பு என்று இன்றுவரை நினைவுபடுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மீன் வறுவலில் ஒரு துண்டு குறைந்து, "யாரு எடுத்தா?" என்று நான் கேட்டால் போதும். யாழினி சட்டியை என் பக்கம் தள்ளி, "தொட்டுப் பாருங்கப்பா" என்கிறாள். உங்கள் மாமா வீட்டுக்குள் நுழையும்போதே நெற்றியை நீட்டுகிறார். அம்மாவோ, நான் வெயிலில் நடந்து வேர்த்து வந்தால், "சட்டையத் தூக்குங்க" என்கிறாள்.

ஆனால் மாமாவுக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலை பேருந்து கிளம்பியதும் யாழினியை டியூஷனில் இறக்கிவிட்டேன். அம்மா சந்தையில் இறங்கிக்கொண்டாள். நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். மேசைக்கு அடியில் கணினி இருந்த இடம் காலி. ஐஸ் பெட்டிக் கதவில் தருண் எழுதிய தாள் அப்படியே இருந்தது. எடுத்துப் படித்தேன். 'அப்பாவுக்குத் தெரியாமல்' என்ற இடத்தில் பேனாவை அழுத்தி எழுதியிருந்தான்.

தாளைத் திருப்பினேன். காவல் கூண்டுக் குறிப்பேட்டில் எழுதுகிற மாதிரியே, தேதி போட்டு, நேரம் போட்டு எழுதினேன்: 'முன்பக்கத்தில் உள்ளது பொய். என் மகன் விளையாடவில்லை. நான்தான் அவனைப் பொய் சொல்ல வைத்தேன்.'

அதன் கீழே, யாரும் கேட்காமலே, கையெழுத்துப் போட்டேன். எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, டுரியான் காந்தத்தை அழுத்தினேன்.